கூர்மையும் மங்கலும்: இப்னுல் ஹைதமின் இருட்டறையிலிருந்து கேமரனின் கண்ணாடி இல்லம் வரை

1864ஆம் ஆண்டின் கடைசி நாளன்று இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்து ஒரு பெண்மணி வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷலுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். அவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். தமது நாற்பத்தெட்டாம் வயதில், 1863 இறுதியில், மகளும் மருமகனும் அன்பளிப்பாகத் தந்த கேமராவைக் கொண்டு படம் எடுக்கத் தொடங்கி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. அதற்குள்ளாகவே அவருடைய படங்கள் தெளிவற்றவை என்றும், தொழில் நுணுக்கம் அறியாதவரின் கைவேலை என்றும் இலண்டன் புகைப்பட இதழ்கள் குறை கூறத் தொடங்கிவிட்டன. அந்தக் கடிதத்தில், ஃபோகஸ் என்று நாம் வழங்கும் குவியம் என்பது யாது, எது முறையான குவியம் என்று தீர்ப்புக் கூறும் உரிமை எவருக்கு உண்டு என்று அவர் வினவியிருந்தார்.

மேலோட்டமாக நோக்கினால் இது ஒரு தொழில்நுட்ப வினா. வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தி, கண்ணாடியில் உருவம் கூர்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டியதுதானே, இதில் உரிமை பற்றிய பேச்சு எதற்கு என்று தோன்றும். ஆனால் இவ்வினாவுக்குள் இன்னொரு வினா ஒளிந்திருக்கிறது. ஒரு காட்சியில் எது கூர்மையாகத் தெரிய வேண்டும், எது மங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கருவியா, மரபா, அல்லது பார்ப்பவரின் நோக்கமா? புகைப்பட வரலாற்றில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நீடித்த ஒரு பெரும் விவாதம் இதனைச் சுற்றியே சுழன்றது. அவ்விவாதத்திற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாகவே, பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த ஓர் அறிஞர், கூர்மையும் மங்கலும் பார்வையில் எவ்வாறு பிறக்கின்றன, அவை அழகோடு எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதை வியக்கத்தக்க நிதானத்துடன் எழுதி வைத்திருந்தார். அவரிடமிருந்து தொடங்குவதே பொருத்தம்.

இருட்டறையும் சிறு துளையும்

அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் ஹிஜ்ரி 354 அளவில், அதாவது கி.பி. 965ஐ ஒட்டி, பஸராவில் பிறந்தார். ஃபாத்திமியர் ஆட்சிக் காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்து, கி.பி. 1040 அளவில் அங்கேயே மறைந்தார். ஒளியியல் குறித்து ஏழு பாகங்களில் அவர் இயற்றிய கிதாபுல் மனாளிர் பின்னர் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ரோஜர் பேக்கன், விட்டெலோ, ஜான் பெக்கம் ஆகியோருக்கு ஆசானாக விளங்கியது. 1572இல் ஃபிரெடரிக் ரிஸ்னர் அதனைப் பாசல் நகரில் அச்சிட்டார். அரபு மூலத்தின் முதல் மூன்று பாகங்களை அப்துல் ஹமீத் ஸப்ரா ஆங்கிலத்தில் பெயர்த்து விரிவான உரையுடன் 1989இல் வெளியிட்டார்.

இருட்டறை ஒன்றின் கதவில் சிறு துளையிட்டு, அதற்கு எதிரே வெளியில் பல விளக்குகளைத் தனித்தனி இடங்களில் ஏற்றி வைக்கும் சோதனை ஒன்றை இந்நூல் விவரிக்கிறது. அறையினுள் சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வோர் ஒளிப்பொட்டு விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும். எல்லா ஒளியும் ஒரே துளை வழியாகப் புகுந்தும் அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒவ்வொன்றும் தன் நேர்கோட்டில் செல்கிறது என்பது இதன் முடிவு.

கிரகணத்தின் வடிவம் பற்றி அவர் எழுதிய தனிச் சுவடி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பகுதிச் சூரிய கிரகணத்தின்போது சிறு துளை வழியே விழும் ஒளி பிறை வடிவில் தெரிகிறது. துளை ஓர் அளவைக் கடந்து பெரிதானால் பிறை மறைந்து, ஒளி துளையின் வடிவத்தையே பெறுகிறது. காரணம் என்ன? சூரியனின் ஒவ்வொரு புள்ளியும் சுவரில் ஒரு புள்ளியாக விழுவதில்லை. துளையின் அகலத்திற்கு ஏற்ற ஒரு சிறு பரப்பாகவே விழுகிறது. பரப்புகள் சிறியனவாக இருந்தால் பிறையின் விளிம்பு தெளிவாக நிற்கும். அவை பெருத்து ஒன்றன்மேல் ஒன்று படர்ந்தால் விளிம்பு அழிந்துவிடும். அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் கிதாபுல் மனாளிருக்கு விரிவுரை கண்ட கமாலுத்தீன் அல்ஃபாரிஸி, துளை சிறுக்கச் சிறுக்க உருவம் தெளிவுறுவதை மேலும் ஆராய்ந்தார்.

புகைப்படக் கூர்மையின் அடிப்படை விதி இதுவே. இன்றைய கேமராவிலும் பொருளின் ஒரு புள்ளி படத்தில் ஒரு சிறு வட்டமாகத்தான் விழுகிறது. கண்ணால் பிரித்தறிய இயலாத அளவுக்கு அவ்வட்டம் சிறிதாக இருந்தால் அதனைக் கூர்மை என்கிறோம். வட்டம் வட்டமாகவே தெரிந்தால் மங்கல் என்கிறோம். இரண்டுக்கும் இடையே இயற்கை வரைந்த கோடு எதுவுமில்லை. பார்க்கும் கண்ணும், படத்தின் அளவும், பார்க்கும் தூரமுமே கோட்டை வரைகின்றன.

இவ்விடத்தில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். கேமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம் என்றும், கேமரா என்னும் சொல்லே அரபு மொழியிலிருந்து வந்தது என்றும் நம்மிடையே மேடைகளில் பேசப்படுவதுண்டு. இரண்டும் சரியல்ல. வளைந்த கூரையுள்ள அறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இலத்தீனுக்கு வந்து கேமரா ஆயிற்று. இருட்டறையில் விழும் உருவத்தைப் பதிவு செய்யும் எண்ணம் இப்னுல் ஹைதமுக்கு இருந்ததாகவும் சான்று இல்லை; ஒளியின் இயல்பை அறிவதே அவருடைய நாட்டம். துளை வழியே உருவம் விழுவதை அவருக்கு முன்பே கிரேக்கரும் சீனரும் கண்டிருந்தனர். ஒரு மகத்தான அறிஞருக்கு அவர் செய்யாததைச் சூட்டினால், அவர் உண்மையாகச் செய்தது மறைந்துபோகும். அவர் செய்தது அதைவிடப் பெரியது. அது பார்வையைப் பற்றியது.

நோட்டமும் நிதானிப்பும்

காணுதல் என்பது ஒரே செயல் அன்று என்பது கிதாபுல் மனாளிரின் இரண்டாம் பாகத்தில் இப்னுல் ஹைதம் நிறுவும் கருத்து. ஒன்று சட்டெனப் பார்க்கும் நோட்டம். அதனை அவர் பதீஹா என்கிறார். மற்றொன்று நின்று, நிதானித்து, உறுப்பு உறுப்பாக ஆராயும் பார்வை. அதற்கு அவர் இட்ட பெயர் தஅம்முல். நோட்டத்தில் ஒரு பொருளின் பொதுவடிவம் மட்டும் புலப்படும். நுண்ணிய வேலைப்பாடு, எழுத்தின் வரிவடிவம், முகச்சுருக்கம், ஒன்றையொன்று ஒத்த நிறங்களுக்கு இடையிலான வேறுபாடு போன்றவை நிதானிப்பில்தான் வெளிப்படும்.

இதற்கு அவர் கூறும் காரணமும் நோக்கத்தக்கது. கண்ணுக்கு நேரே நடுவில் செல்லும் அச்சுக்கோட்டில் அமைந்தது எதுவோ அதுவே மிகத் தெளிவாகத் தெரிகிறது. அக்கோட்டிலிருந்து விலக விலகத் தெளிவு குன்றுகிறது. எழுத்துப் பொறித்த சிறு காகிதத் துண்டுகளை நடுவிலும் ஓரத்திலும் வைத்து, ஓரத்து எழுத்தைப் படிக்க இயலாமையைச் சோதனை வழியே அவர் காட்டுகிறார். ஆகவே கண் ஒன்றை முழுமையாக அறிய வேண்டுமானால் அதன் ஒவ்வொரு பகுதியின் மீதும் தன் அச்சை நகர்த்திச் செல்ல வேண்டும். இந்தத் தெளிவுக்கு அவர் சொன்ன உடலியல் விளக்கம் பிற்காலத்தில் திருத்தப்பட்டது. பார்வை உணர்வு கண்ணின் படிக உறுப்பில் நிகழ்வதாக அவர் கருதினார். உருவம் விழித்திரையில் விழுகிறது என்பதை 1604இல் கெப்ளர் தெளிவாக்கினார். விழித்திரையின் நடுவேயுள்ள சிறு குழிப்பகுதியே கூர்ந்த பார்வைக்கு இருப்பிடம் என்பது இன்று நாம் அறிந்தது. நீட்டிய கையின் பெருவிரல் நகம் மறைக்கும் அளவு இடம்தான் ஒரு கணத்தில் நமக்கு உண்மையிலேயே கூர்மையாகத் தெரிகிறது. விளக்கம் மாறினும் அவர் கண்ட உண்மை மாறவில்லை.

இன்னொரு கருத்து நம் பொருளுக்கு இதனினும் நெருக்கமானது. பார்வை அறியும் பண்புகளை அவர் இருபத்திரண்டாக வகுக்கிறார். ஒளி, நிறம், தூரம், வடிவம், அளவு, அசைவு, நிழல் எனச் செல்லும் அப்பட்டியலில் அழகும் அழகின்மையும் இடம்பெறுகின்றன. தூரம் அழகை உண்டாக்கக்கூடும் என்கிறார் அவர். ஒரு முகத்திலுள்ள தழும்பும் சுருக்கமும் தொலைவில் மறைந்து, அதன் மொத்த வடிவின் அழகு மேலெழுகிறது. அதே மூச்சில், அண்மையும் அழகை உண்டாக்கும் என்கிறார். நுண்ணிய வேலைப்பாடுகள் அருகில் வந்து பார்க்கும்போதுதான் வெளிப்பட்டு, அழகு பிறக்கிறது. மங்கல் அழகா, கூர்மை அழகா என்ற வினாவுக்கு அவர் ஒரு கட்சியில் நின்று விடையளிக்கவில்லை. எந்த அழகு நாடப்படுகிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

இப்பண்புகளை அவர் மஆனீ என்று அழைத்தார். மஅனா என்ற சொல்லுக்குப் பொருள், கருத்து என்னும் பொருள்கள் உண்டு என்பதை அரபு அறிந்தோர் அறிவர். இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் இதற்கு இட்ட சொல் இன்டென்ஷியோ. ஐரோப்பிய மொழிகளில் நோக்கம் என்னும் பொருளில் இன்று வழங்கும் சொல் அதிலிருந்தே கிளைத்தது. காணப்படும் பண்பும் காண்பவரின் நோக்கமும் ஒரே சொல்லின் நிழலில் வந்து சேர்ந்தமை மொழிவரலாற்றின் தற்செயலாக இருக்கலாம். எனினும் புகைப்படக் கலையின் விவாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

வில்லை புகுத்திய தேர்வு

வெறும் துளை வழியே விழும் உருவத்தில் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஏறத்தாழ ஒரே தெளிவுடன் தெரியும். அங்கே குவியம் என்பதே இல்லை. ஆனால் துளை சிறிதாக இருக்க வேண்டியிருப்பதால் உருவம் மிக மங்கிய ஒளியுடையது. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியர் துளையில் குவிவில்லையைப் பொருத்தினர். உருவம் ஒளி பெற்றது. ஆனால் ஒரு குறிப்பிட்ட தூரத்திலுள்ள பொருள் மட்டுமே கூர்மையாகத் தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை மங்கின. 1568இல் வெளியான தம் நூலில் வெனிஸ் அறிஞர் டேனியேல் பார்பரோ, வில்லையின் ஓரத்தை மறைத்து நடுப்பகுதியை மட்டும் திறந்துவைத்தால் உருவம் கூர்மையுறும் என்று எழுதினார்.

கூர்மையாகத் தெரியும் அந்த முன்பின் எல்லையையே புகைப்படக் கலைஞர் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்கின்றனர். தமிழில் புல ஆழம் எனலாம். துளை பெரிதானால் புல ஆழம் குறையும், சிறிதானால் மிகும். பொருள் நெருங்க நெருங்கவும் அது குறையும். துளையை எஃப் எண்ணால் குறிப்பர். வில்லையின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது அது. 300 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள வில்லையில் எஃப் 4 என்றால் துளையின் விட்டம் 75 மில்லிமீட்டர். எஃப் 64 என்றால் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. முன்னதில் ஒரு வினாடியில் பதியும் படத்திற்குப் பின்னதில் 256 வினாடிகள், அதாவது நான்கு நிமிடங்களுக்கு மேல், தேவைப்படும். எல்லாவற்றையும் கூர்மையாகப் பெற விரும்புபவர் அதற்கான விலையைக் காலத்தில் செலுத்த வேண்டியிருந்தது. துளையை எல்லையின்றிச் சுருக்கிக்கொண்டே போகவும் இயலாது. ஓர் அளவுக்குக் கீழே ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவி, கூர்மையை மீண்டும் கெடுக்கும்.

ஆக, வில்லை வந்தபின் தேர்வு கட்டாயமாயிற்று. இப்னுல் ஹைதம் கூறிய அச்சுக்கோட்டைப்போல, கேமராவும் ஒரு நேரத்தில் ஒன்றையே தெளிவுறக் கண்டது. ஆனால் கண் அடுத்த கணம் நகர்ந்துவிடும். படத்தில் விழுந்த தேர்வோ நிலைத்துவிடும்.

நில அளவையாளரின் கடமை

எல்லாம் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்ற நோக்கம் எங்கே நியாயமாகிறது என்பதற்கு இஸ்லாமிய உலகின் முதற் புகைப்படக் கலைஞர்களுள் ஒருவரே சான்று. எகிப்திய இராணுவப் பொறியாளரும் நில அளவையாளருமான முஹம்மது ஸாதிக் பே, 1861இல் ஹிஜாஸுக்கு அளவைப் பணிக்காகச் சென்றபோது கேமராவையும் உடன் கொண்டு சென்றார். மதீனா முனவ்வராவையும் மஸ்ஜிதுந் நபவியையும் முதன்முதலில் புகைப்படமாகப் பதிவு செய்தவர் அவரே. 1880இல் எகிப்திய ஹஜ் பயணக் குழுவின் பொருளாளராகச் சென்றவர், மக்கா முகர்ரமாவையும் ஹரம் ஷரீஃபையும் படமெடுத்தார். அடுத்த ஆண்டு வெனிஸில் நடந்த புவியியல் மாநாட்டுக் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

முதற் பயணத்தில் அவர் கையாண்டது ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, அந்த ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் விட வேண்டும். குளிர்நாட்டிலேயே கடினமான இவ்வேலையைப் பாலையின் வெப்பத்தில் ஒருவர் செய்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மினாராக்களும் குப்பாக்களும் மதில்களும் நகரின் கூரைகளும் ஒன்றுக்கொன்று எந்த இடத்தில் நிற்கின்றன என்பதைக் காட்டுவதே அவருடைய நாட்டம். பள்ளியைக் கருவி கொண்டு அளந்தவருக்குப் படமும் ஓர் அளவையே. அங்கே ஒரு மினாராவைக் கூர்மையாக்கி மற்றதை மங்கவிட்டால் அது கலையாகாது. பணியில் நேர்ந்த பிழையாகும். பின்னாளில் பலமுறை விரிவாக்கப்பட்ட அப்பள்ளிகளின் பழைய தோற்றத்தை அறிய ஆய்வாளர் இன்று அவர் படங்களை நாடுவது, அந்தக் கூர்மை ஓர் அமானிதமாகக் காக்கப்பட்டதனால்தான்.

அழகில் நிறுத்தியவர்

ஸாதிக் பே மதீனாவில் படமெடுத்து மூன்றே ஆண்டுகளில், அதே ஈரத்தகட்டு முறையைக் கொண்டு கேமரன் நேர்மாறான வழியில் சென்றார். கோழிக்கூடாக இருந்த ஒரு கண்ணாடிக் கொட்டகையே அவருடைய படக்கூடம். பெரிய தகடு, அகலத் திறந்த துளை, மிக நெருங்கிய முகம் மூன்றும் சேர்ந்தால் புல ஆழம் ஒரு விரல் அகலத்திற்குச் சுருங்கிவிடும். இமை கூர்மையானால் காது மங்கும். படமும் சில நிமிடங்கள் நீடித்ததால், அமர்ந்திருப்பவரின் மூச்சும் சிற்றசைவும் அதில் சேர்ந்தன.

இது அவர் அறியாமையின் விளைவு என்று எதிரிகள் கூறினர். 1874இல் எழுதி முடிக்காமல் விட்ட தம் நினைவுக் குறிப்பில் அவர் இதற்கு நேர்மையான விடை தந்தார். தொடக்கத்துக் குவியப் பிழைகள் தற்செயலானவையே என்று ஒப்புக்கொண்ட அவர், வில்லையைத் திருகிக்கொண்டு வருகையில் தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் நிறுத்திவிட்டதாகவும், பிறர் வற்புறுத்தும் கூர்மை வரை செல்லவில்லை என்றும் எழுதினார். கலைநோக்கம் என்பதன் இயல்பு இங்கே விளங்குகிறது. பிழை தானாக நேர்ந்தது. அதில் ஒரு பொருளைக் கண்டு, அடுத்த முறை அறிந்தே அங்கு நிறுத்தியது நோக்கம். 1867இல் அவர் எடுத்த ஹெர்ஷலின் உருவப்படத்தில் மேலங்கியும் பின்புலமும் இருளில் கரைந்து, முதுமையேறிய முகமும் நரைத்த தலைமுடியும் மட்டும் ஒளியில் எழுகின்றன. வானத்தையே ஆராய்ந்து களைத்த கண்கள் நம்மைப் பார்க்கின்றன. பொத்தான்களை எண்ணிப் பார்க்க அப்படம் இடம் தருவதில்லை.

கேமரனின் உள்ளுணர்வுக்கு அறிவியல் அடித்தளம் தேடியவர் பீட்டர் ஹென்றி எமர்சன் என்ற ஆங்கில மருத்துவர். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஒளியியல் ஆய்வைப் படித்த அவர், 1889இல் வெளியிட்ட நூலில் ஒரு கொள்கையை முன்வைத்தார். மனிதக் கண் நடுவில் மட்டுமே கூர்ந்து காண்கிறது. எனவே படமும் முதன்மைப் பொருளில் குவியம் கொண்டு, ஏனையவற்றைச் சற்று மங்கவிட வேண்டும் என்பது அது. அச்சுக்கோட்டைப் பற்றிக் கெய்ரோவில் எழுதப்பட்டது இங்கிலாந்தின் நார்ஃபோக் நீர்நிலைகளில் ஒரு கலைக்கொள்கையாக மீண்டும் எழுந்தது எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இப்னுல் ஹைதம் நோட்டத்தோடு நிற்கவில்லை. கண் நகர்ந்து நிதானித்து அறிவதையும் சேர்த்தே பார்வை என்றார். எமர்சன் ஒரு கணத்து நோட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதனைச் சட்டமாக்கினார். சட்டம் நிலைக்கவில்லை. ஓராண்டு கழித்து, 1890இல், புகைப்படம் கலையே அன்று என்று அறிவித்துத் தம் கொள்கைக்குத் தாமே இரங்கல் எழுதினார்.

எஃப் 64 குழுவினர்

மங்கல் மதிப்புப் பெற்றதும் மரபாகியது. மரபு விரைவில் பழக்கமாகத் தேய்ந்தது. வில்லைக்கு முன் மெல்லிய துணி கட்டியும், அச்சுத்தாளில் தூரிகையோட்டியும் ஓவியம்போல் தோன்றச் செய்த படங்கள் அடுத்த நாற்பதாண்டுக் கண்காட்சிகளை நிறைத்தன. கேமரன் ஒரு முகத்தை அறிவதற்காகச் செய்ததை, இவர்கள் படத்திற்குக் கலைத்தோற்றம் தருவதற்காகச் செய்தனர்.

இதற்கு எதிராக 1932 நவம்பர் 15ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. எட்வர்ட் வெஸ்டன், ஆன்சல் ஆடம்ஸ், இமோஜன் கன்னிங்ஹாம், வில்லர்ட் வான் டைக் உள்ளிட்டோர் தம்மை எஃப் 64 குழு என்று அழைத்துக்கொண்டனர். பெருங் கேமராக்களில் மிகச் சிறிய துளையைக் குறிக்கும் எண் அது. முன்புறக் கூழாங்கல் முதல் தொலைமலை வரை அனைத்தும் கூர்மையாக விழ வேண்டும் என்பதன் அறிகுறி. பிற கலைகளிடம் இரவல் வாங்காத தூய புகைப்படமே தம் இலக்கு என்றனர்.

எனினும் அவர்களும் தேர்விலிருந்து தப்பவில்லை. வெஸ்டன் 1930இல் எடுத்த குடைமிளகாய்ப் படத்தைப் பாருங்கள். அதன் ஒவ்வொரு வளைவும் கூர்மையாகத் தெரிகிறது. ஆனால் அவர் அதனைத் தகரப் புனல் ஒன்றினுள் வைத்ததால் பின்புலம் இருளாகி, சமையலறையும் மேசையும் உலகமும் விலக்கப்பட்டுவிட்டன. கேமரன் மங்கலால் விலக்கியதை வெஸ்டன் இருளால் விலக்கினார். அண்மையும் அழகைப் பிறப்பிக்கும் என்ற பழைய கூற்றுக்கு அக்குடைமிளகாய் நல்லதோர் எடுத்துக்காட்டு. தூரம் தரும் அழகுக்குக் கேமரனின் ஹெர்ஷல் எடுத்துக்காட்டு. ஒன்றை மெய்யென்றும் மற்றதைப் பொய்யென்றும் கொண்டதுதான் இரு தரப்பாரின் பிழை.

களுத்துறையின் முகங்கள்

நோக்கம் இருந்துவிட்டால் போதும், எல்லாம் நியாயமாகிவிடும் என்று இதனால் கொள்ளலாகாது. நோக்கத்தையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் கேமரனே இடம் தருகிறார்.

1875இல் கேமரன் குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், 1833ஆம் ஆண்டு இலங்கைச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புரூக் கேமரன் ஆணைக்குழுவில் ஒருவர். அங்கே அவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் ஜூலியா கேமரன் மீண்டும் படமெடுத்தார். ஊர் மக்களும் தோட்டத் தொழிலாளரும் அவர் முன் நின்றனர். அக்காலக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்து சென்றவர்கள். அங்கு எடுத்த படங்களுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. 1879 ஜனவரியில் மலைநாட்டில் அவர் மறைந்தார். போகவந்தலாவ தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அப்படங்களில் கண்ணியம் உண்டு. அக்காலத்து வணிகக் கலைஞர்கள் கீழைநாட்டு மக்களைக் காட்சிப் பொருளாகப் பிடித்த படங்களில் காணக் கிடைக்காத அமைதி அம்முகங்களில் இருக்கிறது. ஆனால் ஒரு செய்தி உறுத்துகிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த அறிஞர், கவிஞர் பெயர்கள் மட்டுமல்ல, மர்யமாகக் கோலம் பூண்டு அமர்ந்த அவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரும் வரலாற்றில் இருக்கிறது. களுத்துறையில் நின்றவர்களோ பெரும்பாலும் குடியானவர் கூட்டம், பெண் என்பன போன்ற பொதுத் தலைப்புகளோடு நின்றுவிட்டனர். வில்லை அவர்கள் முகத்தில் குவியம் கொண்டது. ஏடு அவர்கள் பெயரில் குவியம் கொள்ளவில்லை. அந்த மங்கல் எந்தத் துளையின் அளவாலும் நேர்ந்ததன்று. எவர் பெயர் எழுதத்தக்கது என்று அக்கால ஆட்சியும் சமூகமும் கொண்டிருந்த கருத்து அது. அந்தக் கருத்துக்குள்ளேதான் கலைஞரும் வாழ்ந்தார்.

இன்று நம் கையிலுள்ள கைபேசியின் வில்லை மிகச் சிறியது. இயல்பாகவே அதன் புல ஆழம் மிகுதி. ஆயினும் உருவப்பட முறையைத் தெரிவு செய்தால் கருவியே முகத்தை இனங்கண்டு, கணக்கிட்டுப் பின்புலத்தை மங்கச் செய்துவிடுகிறது. கேமரன் வில்லையைத் திருகித் தேடி நிறுத்திய இடத்தை, நம் சார்பில் எவரோ எழுதிய கணிப்பு முறை நொடியில் நிறுத்துகிறது. வசதிதான். ஆனால் மணவீட்டுப் படமொன்றில் மணமகனின் முகம் மட்டும் தெளிந்து, பின்னே நின்ற பாட்டனாரின் முகம் கரைந்துபோனால் அந்தத் தேர்வைச் செய்தவர் யார்? ஐம்பது ஆண்டுகள் கழித்து அப்படத்தை எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளை தேடப்போவது ஒருவேளை அந்த மங்கிய முகத்தையாக இருக்கலாம்.

முறையான குவியத்தைத் தீர்மானிக்கும் உரிமை எவருக்கு என்று கேமரன் கேட்டார். மதீனாவை அளந்தவருக்கு ஒரு குவியம், ஹெர்ஷலின் முகத்தை அறிய விரும்பியவருக்கு வேறொரு குவியம், இரண்டும் முறையானவையே. உரிமை படமெடுப்பவருக்கு உண்டு. எதை மங்கவிட்டோம், ஏன் விட்டோம் என்ற வினாவுக்கு விடையளிக்கும் கடமையும் அவருக்கே உண்டு. பார்ப்பவராகிய நமக்கோ இப்னுல் ஹைதம் காட்டிய வழி இருக்கிறது. நோட்டத்தோடு நின்றுவிடாமல், படத்தின் கூர்மையான நடுவிலிருந்து கண்ணை நகர்த்தி அதன் ஓரங்களையும் நிதானித்துப் பார்ப்பதே அந்த வழி.